முப்பது மீட்டர்

வடத்தை வெட்டச் சொன்னது நான்தான்.
எழுதிக்கொள் ட்ரோண்டுர்,
செலவுக் கணக்குக் கேட்கிறவர்களுக்கு ஒரு பெயர் வேண்டும்.
ரன்வா. வின்ச் மேடை. ஃபாரோ தீவுகளுக்கு வடக்கே,
விடிகிறதா இருட்டுகிறதா என்று தெரியாத ஒரு நவம்பர்.

வெளியே குறை சொல்ல ஒன்றுமில்லை.
கிரீஸ் மினுங்கியது. முறுக்கு குலையவில்லை.
கந்தல் துணியைச் சுற்றிக் கையோட்டினேன்.
ஓரிடத்தில் துணி தயங்கியது,
ஒரு நூல் மாட்டியது,
அவ்வளவுதான்.

வெட்டிப் பிரித்தோம்.
மேலிழைகளுக்கு அடியில் உள்ளிழைகள்
செந்தூளாய் உதிர்ந்தன.
நன்னீரில் அலசாமல் சுருட்டிய ஒவ்வொரு நாளும்
உப்பு உள்ளே குடியேறி
வாடகை தராமல் தின்றிருக்கிறது.
பத்தாவது மீட்டரிலும் செந்தூள்.
இருபத்தாறில்தான் வெள்ளை எஃகு தெரிந்தது.
மிச்சம் நாலு மீட்டர்
என் அவநம்பிக்கைக்கு.

"இருபத்தாறு போதாதா?" என்று ட்ரோண்டுர் சிரித்தான்.

ஆழத்தில் இருக்கும்வரை
நம் வண்டிக்கு எடையே கிடையாது.
நண்டுகளுக்கு நடுவே விளக்கேற்றிக்கொண்டு
பஞ்சுபோல் திரியும்.
எடை அதற்காகக் காத்திருப்பது நீர்மட்டத்தில்.
முதுகு வெளியே தெரியும் அந்த ஒரு சாண் உயரத்தில்
நாலு டன்னும் ஒன்றாக ஞாபகம் வரும்.

அலை அதைத் தூக்கும்போது வடம் தளரும்.
இறுக்கத்தைப் பார்த்து நான் பயந்ததில்லை,
பயமெல்லாம் தளர்ச்சியிடம்தான்.
தளர்ந்த வடம் ஒரு கொட்டாவி.
கப்பல் எழும், வண்டி விழும்,
கொட்டாவி மூடும்
சொடுக்கென்று.
நாலு, பன்னிரண்டாகும் அந்தச் சொடுக்கில்.

பிறகு இதுவும்:
எப்போதும் அதே ஆழம், அதே நிறுத்தம்,
அதனால் கப்பிமேல் வளைவதும் எப்போதும்
வடத்தின் அதே முழம்.
ஒரே மடிப்பில் மடித்த கடிதம் ஒருநாள் கிழியும்,
கடிதத்தின் மேல் என்ன குற்றம்?
நுனியை வெட்டினால் அந்த முழம் நகர்ந்துவிடும்.
எஃகுக்கு நாம் தரக்கூடிய விடுப்பு அது ஒன்றுதான்.

சொல்ல வேண்டாமென்று இருந்தேன்.
பழைய கப்பலில் ஒன்று அறுந்தது.
அறுந்த வடம் விழாது ட்ரோண்டுர்,
திரும்பி வரும்.
மடங்கிப்போன கைப்பிடிக் கம்பியைக் கழற்றி
சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டிவைத்தார்கள்.
அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டிய ஹானுஸ்
காபி எடுக்கப் போயிருந்தான்.
அது யாருடைய திறமையும் அல்ல.

இரவெல்லாம் இழைகளைத் துடைப்பம்போல் விரித்து,
கிரீஸ் போகத் துடைத்து, கூம்புக்குள் இறக்கி,
பிசின் ஊற்றி, ஆறக் காத்திருந்தோம்.
மார்யுன் இரண்டுமுறை தொட்டுப் பார்க்கப் போனாள்.
இரண்டுமுறையும் கையைத் தட்டிவிட்டேன்.
காலையில் சுமை ஏற்றி இழுத்தோம்.
கூம்பின் வாயில் வரைந்த வெள்ளைக் கோடு
அரை மில்லிமீட்டர் இறங்கி,
இடம் பிடித்ததும்
அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

மதியம் வண்டி மேலே வந்தது.
கப்பலின் மூக்கை அலைக்கு நேரே வைக்கச் சொன்னேன்.
ஏழாவது அலை பிடிக்கவில்லை. எட்டாவதும்.
ரேடியோவில் யாரோ கனைத்தார்கள்.
கனைக்கட்டும்.
கடல் சற்றே அயர்ந்தது,
இழுத்தேன்,
நிறுத்தாமல், தளரவிடாமல்.
மஞ்சள் முதுகு, வழியும் தண்ணீர்,
இயந்திரக் கையின் இடுக்கில்
கூடவே வந்துவிட்ட ஒரு நட்சத்திர மீன்.

பதிவேட்டில் இன்றைய வரி:
14.20, வண்டி தளத்தில். குறிப்பு ஏதுமில்லை.

வெட்டிய முப்பது மீட்டரை என்ன செய்ய
என்கிறாள் மார்யுன்.
அவள் அண்ணனின் ஆட்டுப் பட்டிக்கு வேலி வேண்டுமாம்.
கொண்டு போ.
ஓர் ஆடு சாய்ந்தால் தாங்கும்.
அதற்குமேல் அதை நம்பாதே.